நோக்யோவுக்குப் போடுவதா, வெளி வியாபாரிக்குப் போடுவதா? (ஜப்பான் விவசாயக் கூட்டுறவு)

#1 நீகாத்தா மருமகன் · ஆகஸ்ட் 24, 2025

வணக்கம். எட்டு வருஷமாக ஜப்பானில் நீகாத்தா மாகாணத்தில் இருக்கிறேன். மனைவி இந்த ஊர்க்காரர். மாமனாருக்கு வயது 73, மூன்று ஹெக்டேரில் கொஷிஹிகாரி நெல் போடுகிறார். நம் கணக்கில் ஏழரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. அறுவடைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

ஒரு வாரமாக இரவுச் சாப்பாட்டில் ஒரே பேச்சு. நாற்பது வருஷமாக அரிசி முழுவதும் கூட்டுறவுச் சங்கத்துக்குத்தான் போயிருக்கிறது. வெளியில் ஜேஏ என்று பலகை மாட்டியிருந்தாலும் இவர் வாயில் வருவது 'நோக்யோ-சான்'தான். போன வாரம் பக்கத்து நகரத்து வியாபாரி ஒருவர் சிறு லாரியில் வந்து இறங்கினார். நோக்யோ எவ்வளவு கொடுத்தாலும் அதற்கு மேல் போட்டுத் தருகிறேன், பையை ஏற்றிய அன்றே பணம் என்று சொல்லிவிட்டு ஒரு பெட்டி பீச் பழத்தை வைத்துவிட்டுப் போனார். பழம் தீர்ந்துவிட்டது. முடிவுதான் வரவில்லை.

ஜப்பான் கூட்டுறவு பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மாமனாருக்கு நான் யோசனை சொல்லப் போவதில்லை, சொன்னாலும் கேட்க மாட்டார். எனக்கே புரிந்துகொள்ள வேண்டும்.

#2 வயல்நண்டு

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? காசு அதிகம் கொடுப்பவனுக்குப் போடுங்கள். ஜேஏ ஒரு ஏகபோகம். உரமும் அவனே விற்பான், கடனும் அவனே கொடுப்பான், விளைந்ததையும் அவனே எடுப்பான். நடுவில் விவசாயி வெறும் கூலி.

#3 யென்கணக்கு

மருமகன் சார், நோக்யோ என்ன விலை சொல்கிறது? அது விற்பனை விலையா, முன்பணமா? இரண்டும் ஒன்றில்லை.

#4 நீகாத்தா மருமகன்

முன்பணம்தான். இங்கே 'கைசான்கின்' என்பார்கள். அறுவடை நேரத்தில் சங்கம் உத்தேசமாக ஒரு தொகையைக் கணக்கில் வரவு வைக்கும். எல்லாருடைய அரிசியும் ஒரே குவியலாகச் சேர்ந்து, அடுத்த ஆண்டு வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விற்பனையாகும். வந்த பணத்தில் கிடங்கு வாடகை, லாரிச் செலவு, கமிஷன் எல்லாம் கழித்து, சராசரி போட்டு மீதியைப் பிரித்துக் கொடுப்பார்கள். அந்த மீதி வரும்போது அடுத்த நடவே முடிந்திருக்கும்.

போன வருஷம் நீகாத்தாவில் சாதாரண கொஷிஹிகாரிக்கு 60 கிலோவுக்கு 17,000 யென் என்று அறிவித்தார்கள். இந்த வருஷம் பிப்ரவரியிலேயே, நடவுக்கு முன்னாலேயே, குறைந்தது 23,000 என்றார்கள். இந்த மாதம் அதை 30,000 ஆக்கிவிட்டார்கள். மாமனார் அந்தத் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, 'இவர்களுக்கும் பயம் வந்துவிட்டது' என்றார்.

#5 பழைய செயலாளர்

தம்பி, அவர் சொன்னதுதான் இதில் முக்கியம். நான் இங்கே தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வுபெற்றவன். ஜப்பான் சங்கங்கள் ஆசிய நாட்டுக் கூட்டுறவுக்காரர்களுக்காக 1963இல் ஒரு பயிற்சி நிலையம் தொடங்கின. அதில் படித்துவிட்டு வந்த அதிகாரி ஒருவர் எங்களுக்கு வகுப்பு எடுத்தார். அன்றிலிருந்து இதைக் கவனித்து வருகிறேன்.

வேர் நம்முடையதுதான். நம்முடையது என்றால் ஜெர்மனியுடையது! ரைஃபைசன் என்பவரின் கிராமக் கடன் சங்க முறையைப் பார்த்துத்தான் ஜப்பான் 1900இல் சட்டம் போட்டது. 1890களில் சென்னை மாகாண அரசுக்கு நிக்கல்சன் என்ற அதிகாரி எழுதிக் கொடுத்த அறிக்கையும் அதே மனிதரைத்தான் கைகாட்டியது. 1904இல் திருவள்ளூர் பக்கம் திரூரில் சங்கம் பிறந்தது அந்த வழியில்தான்.

இரண்டும் பிரிந்த இடம் போர்க்காலம். 1942இல் ஜப்பானில் உணவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து அரிசி முழுவதும் அரசின் கைக்குப் போனது. 1943இல் கிராமச் சங்கங்களை எல்லாம் ஒன்றாக்கி, எல்லா விவசாயியும் சேர்ந்தே ஆக வேண்டிய அமைப்பாக மாற்றினார்கள். போர் முடிந்ததும் நிலச் சீர்திருத்தம். சாகுபடி நிலத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இருந்த குத்தகை, பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. நிலம் கிடைத்த சிறு விவசாயிகளைச் சேர்த்து 1947இல் கூட்டுறவுச் சட்டம். தாமாகச் சேரும் சங்கம், ஆளுக்கு ஒரு ஓட்டு என்று காகிதத்தில் எழுதினார்கள். ஆனால் கிடங்கு, தராசு, கணக்குப் புத்தகம், குமாஸ்தா எல்லாம் போர்க்கால அமைப்பிலிருந்து அப்படியே வந்தவை. ஊரே உறுப்பினர், சேராதவன் வெளியாள்.

அரிசிப் பணமும் சங்கக் கணக்கு வழியாகத்தான் வந்தது. சங்கம் யாரையும் கூப்பிட்டு 'எங்களிடம் போடுங்கள்' என்று கேட்க வேண்டிய தேவையே அரை நூற்றாண்டு இல்லை. இப்போது பிப்ரவரியில் விலை அறிவிக்கிறார்கள் என்றால் வெளியாளோடு போட்டி போடுகிறார்கள் என்று அர்த்தம். புது வழக்கம் இது.

#6 வயல்நண்டு

ஐயா, அதைத்தானே நானும் சொல்கிறேன்! 1970இல் தொடங்கி 2017 வரை அரிசி குறைவாக விளைவிக்கச் சொல்லி அரசு ஒதுக்கீடு போட்டது. ஊருக்கு ஊர் அதை வீடு வீடாகப் போய் நடத்தி வைத்தது யார்? இதே சங்கம்தான். விலை இறங்கக்கூடாது என்று கோடைக்குக் கோடை தலையில் துணி கட்டி டோக்கியோவில் கூட்டம் போட்டதும் இவர்கள்தான். சிறு விவசாயி எண்ணிக்கை குறைந்தால் ஓட்டு குறையும், வைப்புத்தொகை குறையும். அதனால் அரை ஹெக்டேர் ஞாயிற்றுக்கிழமை விவசாயியைக் காப்பாற்றினார்கள், 50 ஹெக்டேர்காரனுக்கு வழி விடவில்லை. இரண்டு பேருக்கும் அங்கே ஒரே ஓட்டுதான்.

#7 நீகாத்தா மருமகன்

எங்கள் மாமனாரே முப்பது வருஷம் அந்த ஞாயிற்றுக்கிழமை விவசாயிதான். வாரநாளில் தொழிற்சாலை வேலை, விடுமுறையில் வயல். இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். அவர்களைக் காப்பாற்றியது தப்பா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை. அவர்கள் இல்லையென்றால் இந்த ஊரில் வாய்க்கால் தூர்வார ஆள் இருந்திருக்காது.

பெரிய விவசாயிகள் ஒதுங்குவதும் உண்மை. எங்கள் தெருக்கோடியில் 40 ஹெக்டேர் செய்யும் ஒரு நிறுவனம் இருக்கிறது. உரத்தை கொமேரியில் மொத்தமாக வாங்குகிறார்கள். அந்தக் கடையும் நீகாத்தாவில் பிறந்ததுதான், அறுவடை முடிந்து பணம் கட்டலாம் என்ற வசதியும் அங்கே உண்டு. அரிசியை நேராக உணவகங்களுக்கு அனுப்புகிறார்கள். நோக்யோவில் உறுப்பினர் பங்கு மட்டும் அப்படியே இருக்கிறது, சொந்தக்காரர் கல்யாணத்துக்கு மொய் வைப்பது மாதிரி.

#8 யென்கணக்கு

எல்லாரும் அரிசியைப் பேசுகிறீர்கள். பணத்தைப் பாருங்கள். டோக்கியோவில் வங்கிப் பக்கம் வேலை பார்ப்பவன், அதனால் இது கொஞ்சம் நீளும்.

ஜேஏ சங்கங்களில் கிடக்கும் வைப்புத்தொகை 100 லட்சம் கோடி யென்னுக்கு மேல். உறுப்பினர் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர். இதில் ஓட்டுரிமை உள்ள விவசாயிகள் சுமார் 40 லட்சம்தான். மீதிப் பேர் இணை உறுப்பினர்கள்: சின்னப் பங்கு வாங்கி, வீட்டுக்கடனோ கார் காப்பீடோ எடுத்த ஆசிரியர், கடைக்காரர், ஓய்வூதியக்காரர். 2010ஐ ஒட்டி அவர்கள் எண்ணிக்கை விவசாயிகளைத் தாண்டிவிட்டது. விவசாயச் சங்கத்தில் பெரும்பான்மை விவசாயி இல்லை!

விதை, உரம், விற்பனை, பயிர் ஆலோசனை ஆகிய விவசாயப் பக்கம் பெரும்பாலான சங்கங்களில் நஷ்டம். வங்கியும் காப்பீடும் சம்பாதித்து அந்த ஓட்டையை அடைக்கின்றன. உங்கள் மாமனார் வயலுக்கு இலவசமாக வந்து இலையைப் புரட்டிப் பார்க்கும் ஆலோசகரின் சம்பளம் யாரோ ஒருவரின் ஆயுள் காப்பீட்டிலிருந்து வருகிறது.

அந்தப் பணம் எங்கே முதலீடாகிறது? உள்ளூரில் கடன் வாங்க அவ்வளவு ஆள் இல்லை. சங்கத்திலிருந்து மாகாணக் கூட்டமைப்பு, அங்கிருந்து நாடு முழுக்கச் சங்கங்களுக்கு மேலே நிற்கும் நோரின்ச்சூகின் வங்கி. 1923இல் தொடங்கியது. 90களில் நில விலைக் குமிழி வெடித்தபோது வீட்டுக்கடன் நிறுவனங்களில் கூட்டுறவுப் பணம் ஐந்தரை லட்சம் கோடி யென் மாட்டிக்கொண்டது. 1996இல் அரசு 68,500 கோடி யென் வரிப்பணத்தைப் போட்டது, நாடே கொதித்தது. அப்புறம் வெளிநாட்டுக் கடன்பத்திரம். அமெரிக்காவில் வட்டி ஏறியதும் பத்திரங்களின் மதிப்பு சரிந்தது. இந்த மார்ச்சோடு முடிந்த நிதியாண்டில் நஷ்டம் சுமார் 1.8 லட்சம் கோடி யென். வங்கித் தலைவர் பதவி விலகினார். மூலதனத்தை மறுபடி நிரப்பச் சங்கங்களிடமே கை நீட்ட வேண்டி வந்தது.

நீகாத்தா நெல்வயலுக்கும் நியூயார்க் வட்டிக்கும் என்ன சம்பந்தம் என்றால் இதுதான் சம்பந்தம். மேலிருந்து வரும் பங்கு குறைந்தால் கீழே முதலில் வெட்டப்படுவது கிளையும் ஆலோசகரும்தான்.

#9 நீகாத்தா மருமகன்

வெட்டிவிட்டார்கள் சார். எங்கள் ஊர்க் கிளை போன வருஷம் மூடிவிட்டது. இப்போது செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு வண்டி வந்து கோவில் வாசலில் நிற்கிறது, உள்ளே ஒரு மேசை, ஒரு பணம் எடுக்கும் இயந்திரம், இரண்டு பேர். பாட்டிகள் வரிசையில் நின்று ஐந்தாயிரம் யென் எடுக்கிறார்கள், அரை மணி நேரம் பேசுகிறார்கள். பக்கத்து நகரத்துப் பெரிய கிளைக்குக் காரில் இருபது நிமிடம்.

இன்னொன்று. காப்பீடு விற்க வரும் பையன் எங்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டே ஒருநாள் மனைவியிடம் சொன்னானாம், மாத இலக்கை எட்ட முடியாமல் தன் பெயரிலும் அம்மா பெயரிலும் காப்பீடு எடுத்து வைத்திருப்பதாக. இப்போது அவன் வேலையை விட்டுவிட்டான்.

#10 பழைய செயலாளர்

அந்தப் பையனை எனக்குத் தெரியும். நாடு வேறு, பெயர் வேறு, அவ்வளவுதான்.

எண்ணிக்கையைப் பாருங்கள். 1960ஐ ஒட்டி ஜப்பானில் இப்படிப் பன்னிரண்டாயிரம் சங்கங்கள். இன்று ஐந்நூறை ஒட்டி. நாரா மாகாணம் 1999இல் முழு மாகாணத்துக்கும் ஒரே சங்கமானது. பிறகு ககாவா, ஒகினாவா, ஷிமானே. இணைத்தால் நிர்வாகச் செலவு குறையும் என்பது சரி. ஆனால் கிராமச் சங்கத்தில் தலைவர் வீடு எது என்று எல்லாருக்கும் தெரியும், கோபம் வந்தால் போய் வாசலில் நிற்கலாம். மாகாணச் சங்கத்தில் யார் வாசலில் நிற்பது?

#11 கோச்சிக்காரி

தாமதமாக வருகிறேன். (கேரளக் கொச்சி இல்லை, ஷிகோகு தீவில் இருக்கிற கோச்சி. ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.)

இங்கே 2019இல் பன்னிரண்டு சங்கங்கள் சேர்ந்து ஒன்றாயின. சேராமல் நின்றவற்றில் ஒன்று உமாஜி என்ற மலைக்கிராமம். ஊரில் ஆயிரம் பேர்கூட இல்லை, சுற்றிலும் காடு. முன்பு மரம் வெட்டிப் பிழைத்த ஊர். மரம் படுத்ததும் சங்கம் யுசு பழத்தைப் பிடித்துக்கொண்டது. நம் நாரத்தை, எலுமிச்சை வகையறா. இவர்கள் பழம் பார்க்க லட்சணமாக இருக்காது, சந்தையில் விலை போகாது. சரி, பிழிந்து விற்போம் என்று 80களில் சாறு, சாறு கலந்த சோயா சாஸ், தேன் கலந்த பானம் என்று இறங்கினார்கள். டோக்கியோ பல்பொருள் அங்காடிகளில் சங்க ஊழியர்களே நின்று விற்று, முகவரி வாங்கி, தபாலில் அனுப்பினார்கள். இன்றும் பொட்டலத்துக்குள் ஊர்ச் சேதி எழுதிய காகிதம் ஒன்று இருக்கும். நான் போனபோது, வரிச்சட்டை போட்ட பாட்டி ஒருவர் அட்டைப்பெட்டியில் புட்டிகளுக்கு நடுவே அதை மடித்துச் செருகிக்கொண்டிருந்தார். கடன், காப்பீட்டை நம்பி நிற்காமல் பழத்தை நம்பி நிற்கும் சங்கம். அதனால்தான் இணையாமல் இருக்க முடிந்தது என்பது என் எண்ணம்.

அதே மாகாணத்தில் நேர் எதிர்க் கதையும் உண்டு. குளிர்காலக் கத்தரிக்காய்க்கு எங்கள் பக்கம் பேர்போனது. தோசா அகி சங்கத்தில், வெளி வியாபாரிக்குக் கத்தரிக்காய் போட்டவர்களைக் குழுவிலிருந்து நீக்குவது, அபராதம் வாங்குவது என்று நடந்தது. 2017இல் நியாய வர்த்தக ஆணையம் தடை உத்தரவு போட்டது. சங்கம் நீதிமன்றம் போனது, அங்கேயும் எடுபடவில்லை. ஆகவே மருமகன் சார், உங்கள் மாமனார் வெளியாளுக்கு விற்றால் சட்டப்படி ஒருவரும் ஒன்றும் செய்ய முடியாது. ஊர் வாய் வேறு விஷயம்.

#12 வயல்நண்டு

நல்ல தகவல் அக்கா. உமாஜி மாதிரி நூறு ஊர் இருந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் இல்லையே. 2015இல் அபே அரசு சட்டத்தைத் திருத்தி, தேசிய மைய அமைப்பான ஜேஏ ஸென்ச்சூ கையிலிருந்த தணிக்கை அதிகாரத்தைப் பிடுங்கியது. அறுபது வருஷத்தில் பெரிய சீர்திருத்தம் என்றார்கள். விவசாயிக்கு என்ன கிடைத்தது?

#13 யென்கணக்கு

கையில் தொட்டுப் பார்க்கும்படி கிடைத்தது உரப் பை. கொள்முதல் அமைப்பான ஸென்னோ சுமார் 550 வகைக் கலப்பு உரங்களை விற்றுக்கொண்டிருந்தது, மாகாணத்துக்கு ஒரு கலவை, பயிருக்கு ஒரு பெயர். கொய்சுமி ஷின்ஜிரோ ஆளுங்கட்சி வேளாண் குழுவில் இருந்தபோது கொடுத்த நெருக்கடியில் அதை 25 வகை அளவுக்குச் சுருக்கி, முன்கூட்டியே ஆர்டர் சேர்த்து, ஏலம் விட்டு வாங்கினார்கள். டிராக்டரிலும் அதே வழி: தேவையில்லாத வசதிகளை நீக்கி, 60 குதிரைத்திறன் வண்டி ஒன்றை மொத்தமாகக் கேட்டு யான்மாரிடம் மலிவாக வாங்கினார்கள். மொத்தமாகச் சேர்ந்து வாங்கினால் மலிவு என்பது கூட்டுறவின் முதல் பாடம். அதைக் கூட்டுறவுக்கு வெளியிலிருந்து ஒருவர் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது, அதுதான் வேடிக்கை.

#14 கோச்சிக்காரி

அந்த கொய்சுமிதானே இந்த மே மாதம் வேளாண் அமைச்சரானார். போன கோடையில் கடையில் அரிசி இல்லாமல் போனது, இந்த வசந்தத்தில் 5 கிலோ 4,200 யென்னைத் தாண்டியது. அரசு மார்ச்சில் இருப்பு அரிசியைத் திறந்தது. முதல் ஏலங்களில் 90 சதவீதத்துக்கு மேல் ஸென்னோ கைக்குப் போனது, கடைக்கு வர வாரக்கணக்கானது. அரிசியை நான் வாங்கியதே இல்லை, ஆதரவாளர்கள் கொடுப்பார்கள் என்று பேசிய முந்தைய அமைச்சர் மே மாதம் வீட்டுக்குப் போனார். கொய்சுமி வந்து ஸென்னோவைத் தாண்டிக் கடைகளுக்கே நேராகக் கொடுத்தார், 5 கிலோ 2,000 யென் அளவில். நானும் வரிசையில் நின்றேன். ருசி சுமார்தான்.

என் கேள்வி: ஸென்னோ பதுக்கியதா, அல்லது மெதுவாக வேலை செய்ததா?

#15 யென்கணக்கு

மெதுவாக. ஆலைக்கு ஏற்றி, தீட்டி, பையில் போட்டு, ஏற்கெனவே ஒப்பந்தம் உள்ள மொத்த வியாபாரிக்கு அனுப்பும் பழைய குழாய் அது, அவசரத்துக்கு ஓடாது. இன்னொரு பக்கம், 2024 விளைச்சல் முந்தைய ஆண்டைவிட 1.8 லட்சம் டன் கூடியும், ஜேஏ உள்ளிட்ட பெரிய கொள்முதலாளர்கள் சேர்த்த அளவு 2.1 லட்சம் டன் குறைந்தது என்று அமைச்சகமே சொன்னது. அந்த அரிசி வேறு கைகளுக்குப் போய்விட்டது. பீச் பழப் பெட்டியோடு வந்தவர் மாதிரி ஆயிரம் பேர்.

#16 நீகாத்தா மருமகன் · செப்டம்பர் 7

மாமியார் பக்கத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அவர் அரிசி விவாதத்தில் கலந்துகொள்வதே இல்லை. அவருக்கு நோக்யோ என்றால் நேரடி விற்பனைக் கடைதான். காலை ஆறரைக்குக் கத்தரிக்காயும் பச்சை சோயாவும் எடுத்துக்கொண்டு போவார். அங்கே ஒரு சின்ன இயந்திரத்தில் தன் எண்ணைத் தட்டி, விலையைத் தானே முடிவுசெய்து, பெயர் அச்சடித்த பட்டைக்கோட்டு ஒட்டியை எடுத்து ஒவ்வொரு பையிலும் ஒட்டுவார். பக்கத்துப் பாட்டி 150 யென் போட்டிருந்தால் இவர் 140. பகலில் மூன்று தடவை கைப்பேசிக்கு விற்பனைக் கணக்கு வரும். மதியக் கணக்கில் 'தீர்ந்தது' என்று வந்தால் மறுபடி பறித்துக்கொண்டு ஓடுவார். மாலையில் விற்காததைத் தானே திரும்ப எடுத்து வர வேண்டும், அன்றைக்கு எங்கள் வீட்டில் கத்தரிக்காய்.

மாமனாருக்கு நாற்பது வருஷத்தில் தன் அரிசியை யார் சாப்பிட்டார்கள் என்று தெரியாது. மாமியாருக்கு வாடிக்கையாளர் பெயரே தெரியும்.

#17 பழைய செயலாளர்

இமாபாரி, ஃபுகுவோகா நகரத்துக்குப் பக்கத்தில் இதோஷிமா ஆகிய இடங்களில் இப்படிப்பட்ட சங்கக் கடைகள் பெரிய அளவில் நடக்கின்றன. இமாபாரியில் மிச்சமான காய்கறியை வாங்கி அங்கேயே சாப்பாட்டுக் கூடமும் நடத்துகிறார்கள். சரக்கு விவசாயியுடையது, விலை விவசாயி வைப்பது, சங்கம் கூரையும் கல்லாவும் மட்டும் கொடுத்துக் கமிஷன் எடுக்கிறது. எனக்கு இதுதான் பழைய ரைஃபைசனுக்குக் கிட்டத்தில் தெரிகிறது.

#18 வயல்நண்டு

சரி ஐயா. மருமகன், முடிவு என்ன ஆயிற்று?

#19 நீகாத்தா மருமகன் · அக்டோபர் 5

முடிவை மாமனார் எடுக்கவில்லை, உலர்த்தி இயந்திரம் எடுத்தது.

முழுவதையும் வியாபாரிக்குப் போடுவது என்று கடைசியில் மனதைத் தேற்றிக்கொண்டார். முதல் பாதி அறுவடை முடிந்து, உலர்த்தி, உமி நீக்கி, 30 கிலோ காகிதப் பைகளில் கட்டியாயிற்று. இருநூற்றைம்பது பைக்கு மேல். வியாபாரி வந்தார், பணம் கொடுத்தார், ஏற்றினார். மறுநாள் ராத்திரி பத்து மணிக்கு உலர்த்தி நின்றுவிட்டது. 1990களில் வாங்கியது. பழுது பார்ப்பவர் ஐந்து நாள் ஆகும் என்றார். களத்தில் ஈர நெல், வானொலியில் மழை. ஈர நெல்லை இரண்டு நாள் போட்டு வைத்தால் சூடேறி நாற்றம் எடுத்துவிடும் என்று உங்களுக்குத் தெரியும். வியாபாரியைக் கூப்பிட்டால், உலர்ந்து பையில் கட்டியதைத்தான் எடுப்பேன் என்றார். அவர் மேல் தப்பில்லை, அவரிடம் லாரி மட்டும்தான் இருக்கிறது.

நோக்யோவின் பெரிய உலர்த்திக் கூடத்துக்கு வசந்தத்திலேயே பதிவு செய்திருக்க வேண்டும். மாமனார் போன் எடுக்க மறுத்தார், வெட்கம். மனைவிதான் பயிர் ஆலோசகருக்குப் போன் போட்டார், ஆலோசகருக்கு வயது இருபத்தேழு இருக்கும். அந்தப் பெண் 2023 கோடையில் தினமும் எங்கள் வரப்பில் நின்றவர். அந்த வருஷ வெயிலில் நீகாத்தா கொஷிஹிகாரியில் முதல் தரம் 5 சதவீதத்தை ஒட்டித்தான் தேறியது. இவர்தான் கதிர் வரும் நேரத்தில் எப்போது தண்ணீர் கட்டுவது, எப்போது வடிப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அரை மணியில் திரும்பக் கூப்பிட்டார்: ஒருவர் நாளை அறுவடையைத் தள்ளிப் போட்டிருக்கிறார், காலை எட்டு மணி இடம் உங்களுக்கு, ஈரத்தோடு கொண்டு வாருங்கள். முதல் பாதி எங்கே போனது என்று அவர் கேட்கவில்லை. தெரியாமல் இருக்காது.

ஆகப் பாதி அங்கே, பாதி இங்கே. இரண்டாவது பாதி எல்லாருடைய நெல்லோடும் சேர்ந்து குதிருக்குள் போய்விட்டது.

#20 யென்கணக்கு

அந்த ஆலோசகர் அடுத்த வருஷமும் அங்கே இருப்பாரா?

#21 நீகாத்தா மருமகன்

ஏப்ரலில் மாற்றம் வரலாம் என்றார். காப்பீட்டுப் பிரிவுக்கு.

#22 வயல்நண்டு

அடப்பாவமே.

அடுத்த வருஷத்துக்கு உரம் எங்கே வாங்கப் போகிறார்?

#23 நீகாத்தா மருமகன்

நோக்யோவின் முன்பதிவுத் தாள் வந்து சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. அதன் மேல் கொமேரி விளம்பரத் தாளை விரித்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிக்கு வரி ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நாளைக்குக் கேட்டுச் சொல்கிறேன்.